மைனர்: வயசா, வசதியா?

வாசகர் ஒருவர் கேட்டது

எங்கள் தாத்தாவை ஊரில் எல்லோரும் "மைனர்" என்றுதான் கூப்பிடுவார்கள். எழுபத்தஞ்சு வயசில், பல்செட்டு மாட்டிய பிறகும் மைனர். பதினெட்டு ஆகாதவன்தானே மைனர்? பக்கத்து வீட்டு மாமா, மாரிஸ் மைனர் கார் வைத்திருந்தவர்களுக்கு வந்த பேர் என்கிறார். தாத்தாவிடம் கார் இருந்ததே இல்லை, வில்வண்டிதான். தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

4 ஆகஸ்ட் 2023, காலை

காரை முதலில் ஷெட்டில் விட்டுவிடுவோம். மாரிஸ் மைனர் இங்கிலாந்தில் முதன்முதலாக வந்தது 1928-ல். நமக்குத் தெரிந்த அந்த உருண்டை முதுகு வண்டி 1948-ல்தான் வந்தது. அதைத்தான் இங்கே 'பேபி இந்துஸ்தான்' என்று விற்றார்கள். அதற்கெல்லாம் வெகு காலம் முன்பே மாகாணம் முழுக்க மைனர்கள் இருந்தார்கள்.

சொல் சர்க்கார் கச்சேரியிலிருந்து வந்தது. ஜமீன்தார் செத்துப்போய், வாரிசு சின்னப் பையனாக இருந்தால் ஜமீனை சர்க்கார் எடுத்து நடத்தும். அந்த ஏற்பாட்டுக்கு கோர்ட் ஆஃப் வார்ட்ஸ் என்று பேர். சென்னை மாகாணத்தில் 1804-ஆம் வருஷத்து ரெகுலேஷனிலிருந்தே உண்டு. 1902-ல் தனிச் சட்டமாகவே போட்டார்கள். கோர்ட் என்று பேரே ஒழிய, கூண்டும் கிடையாது, கறுப்புக் கோட்டும் கிடையாது. ரெவின்யூ போர்டுதான் அந்தக் கோர்ட். தீர்வை வசூல், கண்மாய் மராமத்து, பழைய கடன் அடைப்பது, வழக்கு நடத்துவது எல்லாம் கலெக்டர் பார்த்துக்கொள்வார். பையனுக்கு வாத்தியார், மாதப்படி, சவாரிக்குக் குதிரை, உடுத்த நல்ல துணி. கடிதப் போக்குவரத்தில் அவன் பெயர் "மைனர் ஜமீன்தார்". ஊர்க்காரர்கள் முன்பாதியை மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

அந்தப் பையனின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். ஊரெல்லாம் அவன் சொத்து. ஆனால் ஒரு குழி நிலத்தை விற்க முடியாது, ஒரு கணக்குப்பிள்ளையை மாற்ற முடியாது, ஒரு வழக்கில் கையெழுத்துப் போட முடியாது. அவன் இஷ்டத்துக்கு விட்டது எது? தலைமுடி, சட்டை, செண்டு, செருப்பு. ஷோக்கு அங்கே ஆரம்பித்தது என்பது என் கட்சி.

4 ஆகஸ்ட் 2023, இரவு

பதினெட்டு வயசு என்று கேட்டிருந்தீர்கள், அதை விட்டுவிட்டேன். 1875-ஆம் வருஷத்து இந்தியன் மெஜாரிட்டி சட்டப்படி சாதாரண ஆளுக்குப் பதினெட்டு. கோர்ட் நியமித்த கார்டியன் உள்ளவனுக்கும், சொத்து கோர்ட் ஆஃப் வார்ட்ஸில் இருப்பவனுக்கும் இருபத்தொன்று. 1999-ல் திருத்தும்வரை இந்த இரட்டைக் கணக்கு ஏட்டில் இருந்தது.

அதாவது பண்ணையில் ஏர் பிடிக்கிறவன் பதினெட்டில் மேஜர். அவனுக்கு எஜமான் இருபதில் மைனர். மீசை முறுக்கி, கல்யாணம் முடித்து, தொட்டிலில் பிள்ளையும் போட்டவன் ரிக்கார்டில் மைனராக இருந்தது இப்படித்தான். பதினெட்டுக்கும் இருபத்தொன்றுக்கும் நடுவில் இருக்கும் அந்த மூன்று வருஷம்தான் நாம் பேசும் மைனருடைய ராஜ்யம்.

ராமநாதபுரம் பாஸ்கர சேதுபதி 1868-ல் பிறந்தவர். 1873-ல் ஜமீன் கோர்ட் ஆஃப் வார்ட்ஸுக்குப் போனது. 1889-ல்தான் அவர் கைக்கு வந்தது. விவேகானந்தரை சிகாகோவுக்கு அனுப்பத் தூண்டியவர்களில் ஒருவர். கோயிலுக்கும் புலவருக்கும் கேட்டவருக்கும் அள்ளிக் கொடுத்துக் கடனில் மூழ்கினார். இவரை ஷோக்குப் பேர்வழி என்று யாரும் சொன்னதில்லை, நானும் சொல்லவில்லை. பதினாறு வருஷம் கையைக் கட்டி வைத்துவிட்டு ஒருநாள் பெட்டிச் சாவியைக் கொடுத்தால் என்ன நடக்கும் என்பதற்காகச் சொன்னேன்.

6 ஆகஸ்ட் 2023

"மைனருக்குக் கடன் கொடுத்தால் செல்லாதே, அப்புறம் எவன் சில்க் ஜிப்பா தைத்துக் கொடுத்தான்?" என்று ஒருவர் மடக்கியிருக்கிறார். நல்ல கேள்வி. சட்டம் படித்தவர் என்று நினைக்கிறேன்.

செல்லாது என்பது சரிதான். கல்கத்தாவில் தர்மதாஸ் கோஷ் என்ற மைனர் 1895-ல் வீட்டை அடமானம் வைத்தார். வட்டிக்கடைக்காரர் கடைசிவரை போய்ப் பார்த்தார். மைனர் போட்ட ஒப்பந்தம் ஆதியிலிருந்தே செல்லாது என்று, அன்றைக்குக் கடைசி அப்பீல் கோர்ட்டாக இருந்த லண்டன் பிரிவி கவுன்சில் 1903-ல் சொல்லிவிட்டது. ஆனால் 1872-ஆம் வருஷத்து ஒப்பந்தச் சட்டத்தில் 68-ஆம் பிரிவு என்று ஒரு சந்து இருக்கிறது. மைனருக்கு அவனுடைய அந்தஸ்துக்கு ஏற்ற அத்தியாவசியப் பொருளைக் கொடுத்தவன், அவன் சொத்திலிருந்து பணத்தை மீட்டுக்கொள்ளலாம். அந்தஸ்துக்கு ஏற்ற! கூலிக்காரன் மகனுக்கு இரண்டு முழத் துண்டு அத்தியாவசியம். ஜமீன் வாரிசுக்கு மயில்கண் வேஷ்டியும் அத்தியாவசியம் என்று வாதாடலாம். துணிக்கடைக்காரர்கள் முட்டாள்கள் இல்லை.

இங்கிலாந்திலேயே இதற்கு வேடிக்கையான வழக்கு உண்டு. கேம்பிரிட்ஜில் படித்த இன்மன் என்ற பையனுக்கு நாஷ் என்ற லண்டன் தையல்காரர் ஏகப்பட்ட உடுப்பு தைத்துக் கொடுத்தார். அதில் அலங்கார வெயிஸ்ட்கோட் மட்டும் பதினொன்று. பணம் வரவில்லை. 1908-ல் தீர்ப்பு: பையனின் அப்பா ஏற்கெனவே தேவையான உடுப்பெல்லாம் வாங்கிக் கொடுத்திருக்கிறார், ஆகவே இந்தப் பதினொன்று அத்தியாவசியம் ஆகாது, தையல்காரருக்குப் பட்டை நாமம். அந்த இன்மன் நம்மூரில் பிறந்திருந்தால் அவருக்கு என்ன பேர் வைத்திருப்பார்கள் என்று சொல்லவும் வேண்டுமா?

9 ஆகஸ்ட் 2023

தேனாம்பேட்டை மைனர் பங்களாவைப் பற்றிக் கேட்கிறார்கள். எனக்குத் திருநெல்வேலிப் பக்கம் என்பதால் இது கொஞ்சம் சொந்த ஊர்க் கதை.

நியூயிங்டன் என்று ஒரு விடுதிப் பள்ளி. மாகாணத்து மைனர் ஜமீன்தார்களைக் கொண்டுவந்து இங்கிலீஷ், கணக்கு, டென்னிஸ், நடை உடை பாவனை எல்லாம் சொல்லிக் கொடுத்த இடம். ஜனங்கள் வாயில் மைனர் பங்களா. கிளமென்ட் டி லா ஹே அதன் பிரின்சிபால். 1919 அக்டோபரில் ஒரு ராத்திரி, தூங்கிக்கொண்டிருந்தவரை யாரோ சுட்டுவிட்டார்கள். சந்தேகம் எங்கள் பக்கத்துக் கடம்பூர், சிங்கம்பட்டி ஜமீன் வாரிசுகள் மேல் விழுந்தது. சென்னையில் பரபரப்பு அதிகம் என்று வழக்கு பம்பாய்க்குப் போனது. கடைசியில் யாருக்கும் தண்டனை இல்லை.

1929-ல் சிங்கம்பட்டி ஜமீன் மேற்கு மலையில் 8,374 ஏக்கரை 99 வருஷக் குத்தகைக்குப் பம்பாய் பர்மா கம்பெனிக்கு விட்டது. மாஞ்சோலை எஸ்டேட் அதுதான். வழக்குச் செலவில் பட்ட கடனுக்காகத்தான் மலையே போச்சு என்று எங்கள் பக்கம் பாட்டிமார் சொல்வார்கள். அதை ஊர்ப்பேச்சாக எடுத்துக்கொள்ளுங்கள். குத்தகை ரிக்கார்டில் இருக்கிறது, அதன் காரணம் திண்ணையில் இருக்கிறது.

அந்த ஜமீனின் கடைசிப் பட்டக்காரர் முருகதாஸ் தீர்த்தபதி 2020-ல் காலமானார். முடிசூட்டியபோது வயசு மூன்றரை. மூன்றரை வயசு ராஜா! அசல் மைனர் என்றால் அவர்தான். ஆனால் அவரை யாரும் மைனர் என்று அந்த அர்த்தத்தில் பேசி நான் கேட்டதில்லை. சொரிமுத்தய்யனார் கோயில் ஆடி அமாவாசைக்கு ராஜ உடையில் வந்து உட்காருவார், சனம் கும்பிட்டுவிட்டுப் போகும். தலைப்பாகையும் வாளும் வைத்திருந்தும் அது ஷோக்கு ஆகவில்லை, மரியாதை ஆகிவிட்டது. உடையை மட்டும் வைத்து இந்தச் சொல்லை அளக்க முடியாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குக் கிடைக்காது.

10 ஆகஸ்ட் 2023

தஞ்சாவூர்க்காரர் ஒருவர் கோபமாக எழுதியிருக்கிறார். "உங்கள் ஜமீன் கதை தெற்கே சரி. எங்கள் டெல்டாவில் பெரும்பாலும் மிராசுதார்கள்தான். கோர்ட் ஆஃப் வார்ட்ஸ் வாசலை மிதிக்காத வீடுகளில்கூடத் தெருவுக்கு ஒரு மைனர். அதற்கு என்ன சொல்கிறீர்?"

ஒத்துக்கொள்கிறேன், அங்கேதான் சொல் கொழுத்தது. அப்பா செத்து, அம்மா கார்டியனாக இருந்து, காரியஸ்தர் கணக்குப் பார்க்கும் வீடு என்றால் ஜமீனுக்குச் சின்ன நகல்தானே. பிறகு அப்பா உயிரோடு இருக்கும் வீட்டுப் பையனையும் "மைனர்வாள்" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். சட்டத்தில் குறையைச் சொல்லும் வார்த்தை, அக்கிரகாரத்திலும் பண்ணையிலும் கௌரவப் பட்டமாகிவிட்டது. இப்படி ஆகும். முன்சீப்பு, தாசில், மணியம் என்று உத்தியோகப் பேரெல்லாம் வீட்டுப் பேராக ஒட்டிக்கொள்ளவில்லையா? சென்னைக்கு 1960-களில் மைனர் மோசஸ் என்ற பெயரோடே ஒருவர் மேயராக இருந்தார்.

டெல்டா மைனரின் லட்சணம் எல்லோருக்கும் மனப்பாடம். குடுமியை எடுத்த கிராப்பு. உள்ளே பனியன் தெரியும் மல் ஜிப்பா, அதில் சங்கிலி கோத்த தங்கப் பொத்தான். வேஷ்டி நுனியை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்த நடை. வாயில் வெற்றிலை, மேலே ஜவ்வாது வாசனை. அறுவடை எப்போது என்று கேட்டால் காரியஸ்தரைப் பார்ப்பார். கச்சேரி எங்கே என்று கேட்டால் அவரே சொல்வார்.

10 ஆகஸ்ட் 2023, சற்றுப் பிறகு

கிராப்பை ஒரு சாதாரண விஷயமாக எழுதிவிட்டுப் போய்விட்டேன் போலிருக்கிறது. கிராப்பு வைத்ததற்காகச் சாப்பாட்டுப் பந்தியில் இடம் கொடுக்காத வீடுகள் உண்டு. என் பெரியப்பா கிராப்பு வெட்டிக்கொண்டு வந்த அன்று ஆச்சி ஒப்பாரியே வைத்தாளாம், "குடும்பத்துல மைனர் வந்துட்டான்" என்று. அவருக்கு அப்போது சொத்து என்று இருந்தது ஒரு சைக்கிள் பம்பு.

13 ஆகஸ்ட் 2023

கேள்வி கேட்டவர் மேல்விவரம் போட்டிருக்கிறார். தாத்தாவுக்கு எட்டு வயசில் அப்பா போய்விட்டார். ஐந்தாறு ஏக்கர் நஞ்சை. பழைய பத்திரத்தில் "மைனர்" என்று அவர் பெயருக்கு முன்னால் எழுதியிருக்கிறதாம். பிறகென்ன, விடை பீரோவிலேயே இருந்திருக்கிறது.

நான் வாலிபத்தில் ஒரு பத்திர எழுத்தர் ஆபீசில் நகல் எழுதப் போனேன். கூலி டீக்குக் காணாது, ஆனால் தமிழ் நன்றாகக் கிடைக்கும். "மைனருக்காகத் தாயாரும் கார்டியனுமான இன்னார் எழுதிக் கொடுத்த சுத்தக் கிரயப் பத்திரம்" என்று ஒரே மூச்சில் எழுதுவோம். மைனர் சொத்து என்று வில்லங்கத்தில் கண்டால் எங்கள் மூத்த எழுத்தர் பேனாவை மூடி வைத்துவிடுவார். 1956-க்குப் பிறகு இந்துக் குடும்பத்தில் அப்பாவோ அம்மாவோ மைனரின் தனிப்பட்ட மனையை, வயலை கோர்ட் அனுமதி இல்லாமல் விற்றால், பையன் மேஜரான மூன்று வருஷத்துக்குள் "செல்லாது" என்று வழக்குப் போடலாம். வாங்கினவன் வயிற்றில் புளி கரையும்.

ஒருநாள் ஒரு பெரியவர் வந்தார். தும்பைப் பூ வேஷ்டி, விரலில் கல் மோதிரம், நரைத்த தலையில் நடுவகிடு. கூட வந்த ஆள், "நம்ம மைனர் அண்ணாச்சி ஒரு கிரயம் எழுதணும்ங்காக" என்றான். மூத்த எழுத்தர் தாய்ப்பத்திரத்தைப் புரட்டினார். அதிலும் மைனர், அதே பெயர். நிமிர்ந்து பார்த்து, "அண்ணாச்சி, பத்திரத்துல உங்களுக்கு மைனர் நீங்கி முப்பது வருசம் ஆச்சு. ஊருலதான் இன்னும் நீங்கலை போலுக்கு" என்றார். பெரியவர் கோபப்படவில்லை. "அது நீங்குனா என்ட்ட என்னவே மிச்சம் இருக்கு?" என்று சிரித்தார். அன்றைக்கு விற்றது கடைசி வயல் என்று பிறகு சொன்னார்கள்.

'மைனர் நீங்குதல்' என்பது எங்கள் ஆபீசில் புழங்கிய வார்த்தைதான். தீட்டு நீங்குவது போல.

14 ஆகஸ்ட் 2023

ஜமீன்தார்களுக்கு மேஜரான பிறகும் மைனர் முழுசாக நீங்கவில்லை. வாரிசுகள் ஜமீனைத் தின்றே தீர்க்கிறார்கள் என்று பார்த்து 1904-ல் சென்னை சர்க்கார் ஒரு சட்டம் போட்டது. பட்டியலில் உள்ள பங்கு பிரிக்க முடியாத ஜமீன்களை ஜமீன்தார் நினைத்தபடி விற்கவும் அடமானம் வைக்கவும் தடை. நரைத்த ஜமீன்தாருக்கும் கடிவாளம். 1948-ஆம் வருஷத்து எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தோடு ஜமீனே போனது. சாமான் போன பிறகும் லேபிள் மட்டும் நின்றது. நகைச்சுவை நடிகர்களுக்கு அது வசதியாகப் போயிற்று. கையில் காசில்லாமல் ஜிப்பா மட்டும் போட்ட மைனரை வைத்துச் சிரிப்பது சுலபம்.

19 ஆகஸ்ட் 2023

இழை எங்கெங்கோ போகிறது. நகைக்கடை, சினிமா, யாரோ ஒருவருடைய மாமனார். இருக்கட்டும். எனக்கு உறுத்திக்கொண்டிருக்கும் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்.

அதே ஜிப்பா, அதே செண்டு. நிலம் இருக்கிற வீட்டுப் பையன் போட்டால் மைனர். நிலம் இல்லாதவன் போட்டால் என்ன பேர்? "சோக்குப் பேர்வழி" என்றார்கள். சென்னையில் "சோக்கா கீறான்" என்றால் பாராட்டு. கிராமத்தில் பேர்வழி சேர்ந்தால் வசவு. "கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை" என்று பழமொழியை எடுத்து வீசினார்கள். அந்தப் பழமொழியை மைனரை நோக்கி வீசியதாக எனக்கு நினைவே இல்லை. மைனருக்குக் கூழ் பிரச்சினை கிடையாதே.

சேரியிலிருந்து வெள்ளைச் சட்டை போட்டு வந்தவனைப் பேரே வைக்காமல் அடித்த ஊர்கள் உண்டு. தோளில் துண்டு போடக்கூடாது, காலில் செருப்பு போடக்கூடாது, முழங்காலுக்குக் கீழே வேஷ்டி இறங்கக்கூடாது. ஒருவனுக்கு ஷோக்காக இருந்தது இன்னொருவனுக்குக் குற்றமாக இருந்தது. மைனர் கதைகளை ரசித்துச் சொல்லும் பெரியவர்கள் இதைச் சொல்வதில்லை. நானும் இத்தனை நாள் ஜவ்வாது வாசனையை எழுதிவிட்டு இப்போதுதான் இங்கே வந்திருக்கிறேன்.

இன்றைய பத்திரிகைத் தமிழைப் பாருங்கள். "டிப்டாப் ஆசாமி" என்று தலைப்பு வந்தால் கீழே என்ன செய்தி இருக்கும்? மூதாட்டியிடம் ஐந்து பவுன் அபேஸ், பேங்க் அதிகாரி என்று சொல்லி மோசடி. டிப்டாப்பாக உடுத்தி நல்ல காரியம் செய்த ஒரு ஆசாமியை எந்தத் தினசரியும் இதுவரை கண்டுபிடிக்கவில்லை. அறிமுகம் இல்லாத ஆள் நன்றாக உடுத்தியிருந்தால் சந்தேகப்படு என்பது நம் நிருபர்களின் கொள்கை. மைனர் மேல் அந்தச் சந்தேகம் இல்லாததற்குக் காரணம், அவன் அப்பாவை ஊருக்குத் தெரியும்.

20 ஆகஸ்ட் 2023

ஒரு பெண் வாசகர் இரண்டே வரி எழுதியிருக்கிறார்: "மைனர் விளையாட்டு என்று சிரிக்கிறீர்களே, விளையாடப்பட்டவர்கள் யார்?"

இதற்குச் சுற்றி வளைத்துப் பதில் சொல்ல வேண்டியதில்லை. நடவுக்கு வந்தவர்கள். களத்துமேட்டில் நெல் தூற்றியவர்கள். கச்சேரிக்கு வந்து ஊர் திரும்ப முடியாமல் போனவர்கள். அவர்கள் வீட்டில் இந்தக் கதைகளைச் சொல்லிச் சிரித்திருக்க மாட்டார்கள். "அவர் கொஞ்சம் மைனர்" என்று குரலைத் தாழ்த்திச் சொன்னால் போதும், என்ன நடந்தது என்று யாரும் மேற்கொண்டு கேட்கமாட்டார்கள். அடாவடியை அலங்காரம் ஆக்கியது இந்தச் சொல் செய்த வேலை.

இப்போது பேப்பரில் "மைனர் பெண்" என்று வந்தால் அது போக்சோ வழக்கு. ஆணுக்கு ஒட்டினால் வேட்டைக்காரன், பெண்ணுக்கு ஒட்டினால் சட்டம் காக்க வேண்டிய குழந்தை. ஒரே சொல்தான். என் பேத்தி "மைனர் செயின்" என்று விளம்பரத்தைப் பார்த்துவிட்டு, "அது சின்னப் பிள்ளைகள் போடுவதா தாத்தா?" என்றாள். அவளுக்குத் தெரிந்த அர்த்தம் அது ஒன்றுதான். அது போதும் என்றும் தோன்றுகிறது.

21 ஆகஸ்ட் 2023

'மைனா' பறவையிலிருந்து மைனர் வந்தது, இரண்டும் தெருவில் தத்தித் தத்தி நடக்கும் என்று ஒருவர். ரசித்தேன். ஏற்கவில்லை.

26 ஆகஸ்ட் 2023

"இங்கிலீஷ்காரன் வருமுன் தமிழில் இப்படிப்பட்டவர்களுக்குப் பேரே இல்லையா?" என்ற கேள்விக்கு.

இல்லாமல் என்ன. சிலப்பதிகாரத்தில் மாதவியின் அரங்கேற்றம் முடிந்ததும், ஆயிரத்தெட்டுக் கழஞ்சுப் பொன் பெறும் மாலையைக் கூனி கையில் கொடுத்துத் தெருவில் நிறுத்துகிறார்கள். எந்தத் தெருவில்? "நகர நம்பியர் திரிதரு மறுகில்." நகரத்து நம்பிகள் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும் தெரு. காசுள்ள, வேலையில்லாத, நன்றாக உடுத்திய இளவட்டங்கள் எங்கே கூடுவார்கள் என்று விற்கிறவளுக்குத் தெரிந்திருக்கிறது. மாலையை வாங்கினவன் கோவலன். தரைவழி வாணிபம் செய்த மாசாத்துவான் வீட்டுப் பிள்ளை, சம்பாதித்தது அப்பன். பூம்புகாரில் கோர்ட் ஆஃப் வார்ட்ஸ் இருந்திருந்தால் கண்ணகி மதுரைக்கு நடந்திருக்க வேண்டாம்.

இளங்கோ 'திரிதரு' என்று போட்டதைக் கவனியுங்கள். சுற்றுவதுதான் தொழில். உடையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை, ஆனால் நமக்கு உடை தெரிகிறது. 'நம்பி' என்பது ஆணில் சிறந்தவன் என்ற உயர்ந்த சொல். இந்த இடத்தில் அதற்குள் ஒரு சிரிப்பு இருக்கிறது என்றே எனக்குப் படுகிறது. தமிழாசிரியர்கள் சண்டைக்கு வரலாம்.

மற்றபடி 'சொகுசு' தெலுங்கிலிருந்து வந்தது. 'ஷோக்கு' உருது வழி. மைனர் இங்கிலீஷ். ஜிப்பாவும் நம்முடையதில்லை. ஆள் மட்டும் உள்ளூர்.

2 செப்டம்பர் 2023

மைனர் செயின் பற்றி நிறையப் பேர் கேட்டுவிட்டார்கள். கனமாக, நீளமாக, சட்டைக்கு வெளியே நெஞ்சில் தொங்குவதுதான் இலக்கணம். சட்டைக்குள்ளே போட்டால் அது வெறும் சங்கிலி. எங்கள் ஊர்ப் பத்தர் ஒருவர் சொல்வார்: பெண்பிள்ளைக்கு நகை செய்தால் வேலைப்பாட்டைப் பார்ப்பார்கள், மைனர் செயினுக்கு எடையை மட்டும் கேட்பார்கள். இன்றைக்குக் கல்யாண மாப்பிள்ளைக்குப் பெண் வீட்டார் போடும் சங்கிலிக்கும் அதே பேர்தான். சட்டப்படி ஆண் இருபத்தொன்று முடிந்தால்தான் கல்யாணம். ஆக மேஜரான பிறகுதான் மைனர் செயின் கழுத்துக்கு வருகிறது. அதுவும் மாமனார் செலவில். கையெழுத்து வேறொருவருடையது என்ற பழைய விதி இங்கேயும் மாறவில்லை.

அந்தச் சங்கிலியில் புலிநகம் கோக்கலாமா என்று கேட்டவருக்கு: கோக்காதீர்கள். சங்கப் பாடலில் புலிப்பல் தாலி வருவது சின்னப் பிள்ளைகள் கழுத்தில். பயம் அண்டாமல் இருக்கக் கட்டியது. அதை வளர்ந்த ஆம்பிளைகள் வாங்கி வீரத்துக்குப் போட்டுக்கொண்டார்கள். 1972-ஆம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி புலியின் நகம், பல், தோல் எதையும் வைத்திருப்பது ஜெயில் சமாச்சாரம். "பாட்டன் காலத்தது" என்ற பதிலை வனத்துறை ஏற்காது. போட்டோவை முகநூலில் போட்டு மாட்டிக்கொள்ளவும் வேண்டாம். தங்கத்திலேயே நகம் மாதிரி வார்த்துத் தருகிறார்கள், ஆசை இருந்தால் அதை வாங்குங்கள். செய்கூலி, சேதாரம் பேரம் பேசிவிட்டு.